இடாப்பின்படி பிரதம லிகிதர்

காங்கேசன்துறையில் நான் வேலைபார்த்த அரசாங்கக் கந்தோரில் மூன்று பேர்தான் இருந்தோம். தலைமை எழுத்தரான பிரதம லிகிதர், தட்டெழுத்துக்காரியான நான், ஒரு பியோன். மூன்று பேருக்கு ஒரு 'பிரதம' எதற்கு என்று முதல் நாளே கேட்க நினைத்தேன். கேட்டிருந்தால் இரண்டாம் நாள் இருந்திருக்காது.

பிரதம லிகிதர் ஐயா இங்கிலீசில் புலி. ஒரு காற்புள்ளி பிசகினாலும் முழுப் பக்கத்தையும் திரும்ப அடிக்க வைப்பார். நான் அவரை மனதுக்குள் திட்டிய திட்டுகளை அடித்திருந்தால் ஒரு ரிப்பன் தீர்ந்திருக்கும். அப்படிப்பட்ட மனிதர், சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்த பிறகு, சின்னப்பிள்ளைகளின் சிங்கள அரிச்சுவடியை மேசை லாச்சிக்குள் ஒளித்துவைத்துப் படித்துக்கொண்டிருந்தார். நாலு தரம் சோதனைக்குப் போனார். நாலு தரமும் பெயில். அதனால் சம்பள ஏற்றமும் நின்றுபோயிருந்தது.

எங்கள் மூவரில் சிங்களம் தெரிந்தவர் பியோன் மட்டும். இளவயதில் மாத்தறையில் ஒரு பேக்கரியில் வேலைசெய்தவர். என்னைவிட மூத்தவர் என்பதால் அண்ணை என்று கூப்பிடுவேன். அண்ணை என்ன சாதி என்று நான் எழுதப்போவதில்லை. அவர் தேநீர் குடிக்கும் தகரப்பேணி பின்யன்னலுக்கு வெளியே ஓர் ஆணியில் தொங்கியது என்றால் யாழ்ப்பாணத்தாருக்கு மிச்சம் விளங்கும். ஐயாவுக்கு நீலக்கரை போட்ட பீங்கான் கோப்பை. எனக்கும் ஒன்று. அண்ணை அண்ணை என்று வாய்நிறையக் கூப்பிட்ட எனக்கு அந்த ஆணி ஒரு நாளும் கண்ணில் குத்தவில்லை. இப்போது எழுதும்போதுதான் வெட்கமாக இருக்கிறது.

ஒரு நாள் கொழும்பிலிருந்து பெரிய படிவம் ஒன்று வந்தது. யார் யார் வேலைசெய்கிறார்கள், என்ன இனம், என்ன சமயம், எந்தத் தரம், எந்த இடம், என்ன சம்பளம் என்று ஆளுக்கொரு வரி. எல்லாம் சிங்களத்தில். அதில் இனத்துக்கு ஒரு கூடு இருந்தது, சமயத்துக்கு ஒரு கூடு இருந்தது. எங்களை உண்மையில் பிரித்து வைத்திருந்த சங்கதிக்குக் கூடு இல்லை.

ஐயா படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பியோனைக் கூப்பிட்டார்.

"உன்ரை சிங்களத்திலை உந்தப் படிவத்தை நிரப்பு."

"ஐயா, உது படிச்ச ஆக்களின்ரை சிங்களம். எனக்குப் பாண் விக்கிற சிங்களம்தான் தெரியும். பேரை எழுதுவன், சமயம் எழுதுவன். இந்த நீளச் சொல்லுகள் விளங்கேல்லை. ஆரின்ரை பேரை முதல் போட?"

ஐயா தலையை நிமிர்த்தவில்லை. எதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு என்று நம்பிய மனிதர்.

"வரவு இடாப்பிலை என்ன ஒழுங்கிலை கிடக்கோ, அப்பிடியே போடு."

எங்கள் கந்தோரில் வந்த ஒழுங்கில்தான் இடாப்பில் கையெழுத்து. பூட்டைத் திறக்கும் பியோன் முதல். சுன்னாகம் ஸ்டேசனில் கோச்சி ஏறி வரும் நான் இரண்டாவது. கோயிலுக்குப் போய் விபூதி பூசி ஆறுதலாக வரும் ஐயா கடைசி. அண்ணையும் பிசகில்லாமல் அப்படியே எழுதினார். காற்புள்ளிக்காக என்னை வாட்டிய ஐயா, தனக்கு வாசிக்கத் தெரியாத தாளில் அழகாகக் கையெழுத்துப் போட்டார்.

அந்த நீளச் சொற்கள் படிவத்தில் வரிக்கு வரி முன்கூட்டியே அச்சடித்திருந்த தரங்களின் பெயர்கள். முதல் வரி பிரதம லிகிதர், இரண்டாவது தட்டெழுத்தாளர், மூன்றாவது பியோன். நடுவில் இருந்த நான் மட்டும் நானாகவே தப்பினேன்.

இது எங்களுக்குத் தெரியவந்தது ஒரு பார்சலால். ஐயாவின் முழுப் பெயர் எழுதி, உள்ளே பியோன்மாருக்குக் கொடுக்கும் காக்கித் துணி, இரண்டு காற்சட்டைக்குக் காணும், ஒரு குடை. அந்த மாதச் சம்பளமும் மாறி வந்தது. அண்ணை உறையை உடைக்காமல் இரண்டு கையாலும் ஐயாவிடம் நீட்டினார். ஐயா மற்ற உறையை மேசையில் வைத்தார், அண்ணை எடுத்துக்கொண்டார். கையில் கொடுக்கிற வழக்கம் அங்கே இல்லை.

ஐயா திருத்தக் கடிதம் ஒன்று சொல்லச் சொல்ல அடித்தேன். மூன்று பக்கம், அருமையான இங்கிலீசு. தபாலில் சேர்க்கமுன் அடுத்த கடிதம் வந்துவிட்டது. பரிசோதகர் ஒருவர் வருகிறார், பிரதம லிகிதருடன் நேரிலே சிங்களத்தில் கதைத்துப் பார்ப்பார், தேறாவிட்டால் வீட்டுக்கு அனுப்புவார். என்னைப்போலப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தவணை உண்டு. பியோன்மாருக்குச் சோதனையே இல்லை.

ஐயாவுக்குப் பென்சனுக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. இரண்டு மகள்மார் உடுவிலில் விடுதியில் நின்று படித்தார்கள்.

"இப்ப என்னை அனுப்பினால் பிள்ளையளின்ரை படிப்பு நிண்டுபோம்" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு திருத்தக் கடிதத்தை எடுத்து அரிச்சுவடிக்குக் கீழே வைத்து லாச்சியைப் பூட்டினார். "பியோன் பென்சன் எண்டாலும் பென்சன்தானே, பிள்ளை."

எனக்கு அன்றைக்குத்தான் அந்த மனிதரில் முதல் தடவையாக இரக்கம் வந்தது.

பரிசோதகர் வந்த காலை, ஐயாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு அண்ணை சுழல்கதிரையின் நுனியில் இருந்தார். கோட்டுத் தோள் அவருக்கு அரைச் சாண் கூட. ஐயா காக்கிக் காற்சட்டையோடு கதவடியில் நின்றார். வேட்டிக்குப் பழகிய கால்கள், எங்கே வைப்பது என்று தெரியாமல் மாறி மாறி நின்றன. சிரிப்பை அடக்க நான் வெறும் தாளில் இரண்டு வரி அடித்தேன்.

பரிசோதகரும் மாத்தறைப் பக்கத்து ஆள். பத்து நிமிடத்தில் இருவரும் பாண், மீன், கடல் என்று எங்கேயோ போய்விட்டார்கள். வடக்கில் இப்படிச் சிங்களம் கதைக்கும் பிரதம லிகிதரைத் தான் கண்டதேயில்லை என்று பரிசோதகர் என்னிடம் இங்கிலீசில் சொன்னார். நானும் கண்டதில்லை என்றேன்.

ஐயா கடையில் கேத்தில் நிறையத் தேநீர் வாங்கிவந்து பரிசோதகருக்கு என் கோப்பையில் வைத்தார். நீலக்கரைக் கோப்பையை அண்ணைக்கு முன்னால் வைத்தார். அண்ணை அதைத் தொடவில்லை. பரிசோதகர் குடி குடி என்று கைகாட்ட, வேறு வழியில்லாமல் எடுத்துக் குடித்தார். பரிசோதகர் நல்ல மனிதர், அதுதான் வினையாய்ப் போயிற்று. கதவடியில் நின்ற 'பியோனை'க் காட்டிச் சிங்களத்தில் ஏதோ சொன்னார்.

அண்ணை நிலத்தைப் பார்த்துக்கொண்டு மொழிபெயர்த்தார். "உன்னையும் குடிக்கட்டாம்."

உன்னை. அந்தச் சொல் அறைக்குள் அப்படியே நின்றது. உள்ளே வேறு கோப்பை இல்லை. பரிசோதகர் சிரித்த முகத்தோடு காத்திருந்தார். ஐயா பின்யன்னலுக்குப் போய், கையை வெளியே நீட்டி, ஆணியிலிருந்து தகரப்பேணியைக் கழற்றி, கேத்திலில் மிஞ்சியதை வார்த்து, நின்றபடியே கடைசிச் சொட்டுவரை குடித்தார். நான் தட்டெழுத்துப் பொறியின் எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பரிசோதகர் எல்லாம் திருப்தி என்று எழுதிவிட்டுப் போனார். ஐயாவின் வேலை தப்பியது.

மறுநாள் காலை அண்ணை தன் காக்கியிலும் ஐயா தன் வேட்டியிலும் இருந்தார்கள். தேநீர் வந்தது. ஐயா வழக்கம்போல் கோப்பைக்குக் கை நீட்டினார். கோப்பை மேசையில் இல்லை.

"கோப்பை எங்கை?"

"வெளியிலை, ஐயா."

நான் எட்டிப்பார்த்தேன். பேணி தொங்கிய ஆணிக்குப் பக்கத்தில் புதிதாய் இன்னோர் ஆணி. அதில் நீலக்கரைக் கோப்பை காதால் தொங்கியது.

"அங்கை ஏன்?"

"நேற்று நான் வாய் வைச்ச கோப்பையெல்லோ, ஐயா" என்றார் அண்ணை. குரலில் குத்தல் இருந்ததா என்று நான் அன்றும் உற்றுக்கேட்டேன், இன்றும் யோசிக்கிறேன். இடாப்பின் ஒழுங்கில் படிவத்தை எழுதியது போலத்தான், பிசகில்லாமல் சொன்னார்.

ஐயா எழுந்து யன்னலடிக்குப் போனார். தன்னுடைய கோப்பையில் அண்ணை வாய் வைத்தாயிற்று, அண்ணையின் பேணியில் தான் வாய் வைத்தாயிற்று, இனி எது உள்ளே எது வெளியே என்று கணக்குப் பார்த்திருப்பார். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

"பீங்கான் வெளியிலை தொங்கினால் காத்துக்கு அடிபட்டு உடைஞ்சுபோம்" என்றார் கடைசியில். "உள்ளுக்கை கொண்டுவந்து வை."

"கோப்பையை, ஐயா?"

ஐயா திரும்பிப் பார்க்கவில்லை. "ரண்டையும்."

நான் மாற்றலாகிப் போகும்வரை அந்த ஆணிகள் சுவரில் இருந்தன. ஒன்றில் ஐயாவின் பேரில் வந்த குடை தொங்கியது. மழை வந்தால் எங்களில் முந்தினவர் அதை எடுத்துக்கொண்டு போவார்.