சனிக்கிழமை பத்து மணி

பிரிக்பீல்ட்ஸில் நான் கல்லாவில் இருக்கும் சாப்பாட்டுக் கடைக்குச் சனிக்கிழமைதோறும் பத்து மணிக்கு ஒருவர் வருவார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் கலர் பென்சில் பெட்டி. தேநீர் குடித்துவிட்டு, ரசீதில் நேரம் எழுதித் தரச் சொல்வார். ஒருநாள் காரணம் கேட்டேன்.

“மகளை இங்கதான் என்கிட்ட விடணும்னு கோர்ட்டு ஆர்டர், அக்கா. பிரிஞ்சுபோன சம்சாரம் கோர்ட்டையும் கேக்காம ஜொகூருக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. கேஸ் நடக்குது. நான் வரலன்னு யாரும் சொல்லக் கூடாது லா.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாடகை வீட்டைக் காலி செய்யவே ஒரு மாதம் முன்னால் சொல்கிறோம். பிள்ளையை அத்தனை தூரம் கொண்டுபோக ஒரு வார்த்தை வேண்டாமா?

ஆட்களிடம் பேசவே கூசுகிறவள் நான். “சாட்சிக்குக் கூப்பிடுங்க அண்ணே, வரேன்” என்றேன்.

தலையாட்டினார். ரசீதுக்காக மட்டும் வருகிறவர் பென்சில் பெட்டியை எதற்குக் கொண்டுவருகிறார் என்று மட்டும் கேட்கவில்லை.