ராஜதுரை ஒப்புதல் கொடுத்த சொல்

துறைமுகத்துக்கு எதிரே, சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கித்தரும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் ராஜதுரைக்கு வேலை. ஊர் ஆத்தூருக்குப் பக்கம். ஆனால் அவனைக் கேட்டால் தன் உண்மையான வேலை வேறு என்பான். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்து இணையதளம் நடத்தலாம் என்று உலகமெங்கும் பலர் சேர்ந்து எழுதிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் ஒன்றை அவன் தமிழாக்கிக்கொண்டிருந்தான். பட்டன்கள், மெனுக்கள், எச்சரிக்கைகள் என்று மூவாயிரத்துச் சொச்சம் வரிகள். இரண்டு வருடம் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாக யோசித்துப் போட்டான். கடைசி அறுநூறு வரிகளில் அலுத்துப்போயிற்று. அவற்றை மொத்தமாக இயந்திர மொழிபெயர்ப்பில் கொடுத்து வாங்கி, படிக்காமலே ‘ஒப்புதல்’ அழுத்திவிட்டான். பங்களித்தோர் பட்டியலில் அவன் பெயர் முதலில் வந்தது. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள்.

அந்தப் பெருமையில், ஊர் வாய்க்கால் விவசாயிகள் சங்கத்துக்கும் அதே மென்பொருளில் ஒரு தளம் போட்டுக்கொடுத்தான். எந்த மடைக்கு என்றைக்குத் தண்ணீர் என்று அதில் ஏற்றுவது சங்கத்து எழுத்தர் இசக்கிச்செல்வியின் பொறுப்பு.

அவள் தனியாக ஏற்றிய முதல் அறிவிப்பே வெளியாகவில்லை. முறை மாறியது யாருக்கும் தெரியாமல், கடைமடைக்கு வெள்ளிக்கிழமை வர வேண்டிய தண்ணீர் புதன்கிழமையே வந்து, திறக்க ஆளில்லாமல் ஓடிப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமை ராஜதுரை சங்கத்துக்குப் போனபோது, கடைமடைக்காரர் நல்லக்கண்ணு சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

“ஏளா, நாத்தங்கால் பூரா காஞ்சு கெடக்கு. ஒரு அறிவிப்பு போடத் தெரியாதா ஒனக்கு?”

அவர் போன பிறகு இசக்கிச்செல்வி மெதுவாகச் சொன்னாள்.

“நான் எல்லாம் அடிச்சிட்டேன் தம்பி. கீழ ‘மாநிலம்: வரைவோலை’ன்னு வந்துச்சு. பேங்குல டிடி எடுத்து அனுப்பினாத்தான் போடுவாவ போலன்னு பேங்குக்குப் போனேன். யார் பேருக்குன்னு கேட்டாவ. சொல்லத் தெரியல. அங்கன நின்னவங்கல்லாம் சிரிச்சாவ.”

ராஜதுரைக்குக் காது சுட்டது. இருந்திருக்க வேண்டியது ‘நிலை: வரைவு’. அறிவிப்பு இன்னும் வெளியாகவில்லை என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் இருந்த ‘ஸ்டேட்’டை மாநிலமாகவும் ‘டிராஃப்ட்’டை வங்கி வரைவோலையாகவும் இயந்திரம் ஆக்கியிருந்தது.

“நான் பத்தாங்கிளாஸ் ஃபெயிலு. எனக்குத்தான் தமிழ் வெளங்கல” என்றாள்.

“பரவால்லக்கா, பழகப் பழக வந்துரும்” என்றான் ராஜதுரை.

பஸ்ஸில் திரும்பும்போது தான் சொன்ன அந்த வார்த்தையே அவனை அறுத்தது. தன் தப்புக்கு அவளை மன்னித்துவிட்டு வந்திருக்கிறான். மறுநாள் அந்த வரியின் வரலாற்றைத் திறந்தான். மொழிபெயர்த்தவர் ராஜதுரை. ஒப்புதல் ராஜதுரை. திருத்த ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அத்தோடு விட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. மூன்று நாள் அப்படியே விட்டுத்தான் பார்த்தான். வியாழக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனான்.

நல்லக்கண்ணுவையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, தப்பு தன்னுடையதுதான் என்று இசக்கிச்செல்வியிடம் சொன்னான். நல்லக்கண்ணு அவன் பக்கம் திரும்பினார்.

“அப்பம் நான் இவள ஏசும்போது நீ இங்கனதானலே நின்ன?”

“ஆமா அண்ணாச்சி.”

இசக்கிச்செல்வி கோபப்படவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அதுல அப்படித்தான தம்பி எழுதியிருந்துச்சு? நான் வாசிச்சது சரிதான?”

“சரிதான்க்கா. நீங்க சரியாத்தான் வாசிச்சீங்க.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு ஏதோ தாளை எடுத்தாள். அவனை உட்காரச் சொல்லவில்லை.

அந்த அறுநூறு வரிகளையும் படித்து முடிக்க அவனுக்கு நாலு மாதம் ஆயிற்று. நாற்பத்திரண்டு இடங்களில் தப்பு. அதே தமிழை எத்தனையோ ஊர்களில் எத்தனையோ அலுவலகங்கள் எடுத்துப் போட்டிருந்தன. ஒவ்வொன்றைத் திருத்தும்போதும், இதைப் பார்த்து எந்த ஊரில் யார் தன்னைத்தானே முட்டாள் என்று நினைத்துக்கொண்டாரோ என்று தோன்றும். அவர்களிடம் போய்ச் சொல்ல அவனுக்கு வழியில்லை.