யாரோ ஒருவருக்குக் கொடுத்த தோள்

போன வாரம் ராயபுரம் மருந்துக்கடையில் ஒரு கோமாளித்தனம் செய்தேன். மாத்திரைக்காக நின்றிருந்தபோது பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். கையிலிருந்த சீட்டை மேசையில் போட்டுவிட்டு, யாரோ ஷட்டரை இறக்கப்போவதுபோல் விறுவிறுவென்று தெருவுக்கு வந்து நின்றுகொண்டேன். கடைக்காரர் எட்டிப் பார்த்து, “இன்னா சார், மாத்திரை வாணாமா?” என்றார். சவுதியை விட்டு வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. அந்தச் செய்தி என் கால்களுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் அங்கே ஒரு துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். போகுமுன் நாலு புத்தகம் படித்திருந்ததால் எல்லாம் தெரியும் என்ற மிதப்பு. பாங்கு கேட்டதும் ஊரே கடையடைக்கும் என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. முதல் மாதம் சலூனிலிருந்து பாதி மீசையோடு வெளியேற்றப்பட்டேன். அறைத்தோழன் பாஷா, நம்ம கல்மண்டபத்துக்காரன், கிரேன் ஓட்டுகிறவன், தொழுதுவிட்டு வரும்வரை நடைபாதையில் காத்திருப்பேன். அத்தரும் சூடான தாரும் கலந்து மணக்கும்.

சில நாள் தொழுகை முடிந்தும் கூட்டம் கலையாது. யாரோ இறந்திருப்பார். யார் என்று தெரியாமலே எல்லோரும் அவருக்காகத் தொழுவார்கள். சடலம் வைத்த சந்தூக்கு வெளியே வந்ததும் முன்பின் தெரியாதவர்கள் ஓடிவந்து தோள் கொடுப்பார்கள். நாலு எட்டு வைப்பதற்குள் பின்னால் வருகிறவர் வாங்கிக்கொள்வார். மேளமில்லை, பூவில்லை, வேகம் மட்டும்தான். மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கு ஆடிக்கொண்டே போகிற ஊர்வலங்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த அமைதி பழகவே இல்லை.

“மூஞ்சி தெரியாதவனுக்கு இன்னாத்துக்குடா இந்த ஓட்டம்?” என்று ஒருநாள் பாஷாவிடம் கேட்டேன்.

“நாளிக்கி நமக்கும் எவனாச்சும் ஓடியாரணும்ல, மாமு.”

ஒரு மதியம் அவனே மாரடைப்பில் போய்விட்டான். உடலை ஊருக்கு அனுப்ப மாதக்கணக்காகும் என்றார்கள். அங்கேயே அடக்கம் செய்ய அவன் மனைவி மும்தாஜ் ஒப்புக்கொண்டாள். போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “அண்ணா, எங்காளுங்க யாரும் வர முடியாது. நீ தோள் குடுத்துடு. தெரிஞ்ச தோளு ஒண்ணாவது இருக்கட்டும்.”

பள்ளிவாசல் வாசலில் செருப்புகளுக்கு நடுவே காத்திருந்தேன். உள்ளே அத்தனை பேர் அவனுக்காகத் தொழ, அவனைத் தெரிந்த ஒரே ஆள் வெளியே. சந்தூக்கு வந்ததும் பாய்ந்து தோள் கொடுத்தேன். யார் கேட்டும் விடவில்லை, அடக்கம் செய்யும் கபர்ஸ்தான்வரை. மண் தள்ளி முடித்ததும் ஒரு அரபிக் கிழவர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். பாஷாவுக்கு இப்படியொரு அப்பா எங்கிருந்து வந்தார் என்று யோசித்தபோதுதான் உறைத்தது. அன்றைக்கு இன்னும் இரண்டு சந்தூக்குகள் வந்திருந்தன. திரும்பிப் பார்த்தால் அந்தக் குழிகளையும் மூடியிருந்தார்கள். அங்கே பெயர் எழுதி வைப்பதில்லை. எல்லாம் ஒரே மாதிரி மண்மேடு. எதன் முன் நிற்பது என்று தெரியாமல் நடுவில் நின்றேன்.

இன்றும் பாங்கு கேட்டால் வலத்தோளில் அந்தக் கனம் ஏறுகிறது. பாஷாவின் கனமல்ல என்பதுதான் தொல்லை.

ஊருக்கு வந்ததும் கல்மண்டபம் வீட்டுக்குப் போய் மும்தாஜிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இப்போது அந்த வீடு இல்லை. சந்தே சாலையாகி, அதன் மேல் கண்டெய்னர் லாரிகள் போகின்றன. மும்தாஜும் மகளோடு வேறெங்கோ போய்விட்டாள். அன்றைக்கு நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவள் ஆறிப்போன டீயை என் பக்கம் நகர்த்தினாள்.

“வுடுண்ணா. உன்ன மாரியே ஆள மாத்தித் தூக்குன கேனயன் எவனாச்சும் எங்காளயும் தூக்கினு போயிருப்பான்.”