அத்தையின் நடை, பன்னிரண்டு படங்களில்

பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படித்தபோது, செய்முறைத் தேர்வுக்காகக் கம்ப்யூட்டர் திரையில் ஒரு பெண்ணை நடக்க வைக்கப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். எங்கள் துறைத் தலைவர் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். மற்றவர்கள் எல்லாம் சம்பளப் பட்டியல், நூலகப் பதிவேடு என்று எழுதியிருந்தார்கள். இதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஒரு மாதத்தில் அலுத்துப்போய்ச் சம்பளப் பட்டியலுக்கே வந்துவிடுவேன் என்று நினைத்திருப்பார்.

எண்பதுகளின் பிற்பகுதி அது. சேலத்தில் கம்ப்யூட்டரை நேரில் பார்த்தவர்களே குறைவு. எங்கள் கல்லூரியில் ஐந்து இருந்தன. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். பெண்களுக்கு ஒதுக்கியது மதியச் சாப்பாட்டு நேரம். கரண்ட் போனால் அதுவரை தட்டியதெல்லாம் போய்விடும். அதனால் எல்லாவற்றையும் முதலில் கட்டம் போட்ட தாளில் எழுதி வைத்துக்கொள்வேன்.

சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை, புத்தகமும் இல்லை. உடம்பில் ஒவ்வொரு மூட்டுக்கும் மூன்று எண்கள் என்று நானே வைத்துக்கொண்டேன்: பக்கவாட்டு, உயரம், ஆழம். முதல் இரண்டையும் ஆழத்தால் வகுத்தால் தூரத்தில் இருப்பது சிறிதாகிவிடும். எங்கள் ஊருக்குப் போகும் எருமப்பட்டி ரோட்டுப் புளியமரங்கள் போகப்போகச் சிறுத்துத் தெரிவதும் இந்த வகுத்தல்தான் என்று புரிந்த அன்று பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். மூட்டுகளைக் கோடுகளால் இணைத்தேன். தலைக்கு ஒரு எட்டுக்கோணம், பின்னால் ஒரு சின்னக் கொண்டை. உருவம் நின்றது. நடக்க வைத்தபோதுதான் அவமானம். முழங்கால் மடங்கவில்லை, பாதம் தரையில் வழுக்கியது. உடன் படித்த பையன்கள் அதற்கு, ஜாமெட்ரி பெட்டியில் இருக்கும் கவராயத்தின் பெயரை வைத்தார்கள். பிறகு என்னையும் அப்படியே கூப்பிட்டார்கள்.

கோபத்தோடு ஊருக்கு வந்த சனிக்கிழமை, அத்தை சந்தைக்குப் போய்விட்டு வந்துகொண்டிருந்தார். அப்பாவின் தங்கை. சின்ன வயதிலேயே கணவரை இழந்து எங்கள் வீட்டோடு இருந்தவர். அகலமாக அடியெடுத்து வைத்து, கையை வீசி, யாருக்கும் ஒதுங்காமல் நடப்பார். ஆம்பளையாட்டம் நடக்கிறாள் என்று ஊரே சொல்லும். அவர் காதில் விழும்படிதான் சொல்வார்கள். அவர் வேகத்தைக் குறைத்து நான் பார்த்ததில்லை. நடப்பது எப்படி என்று தெரிய வேண்டுமானால் இவரிடம்தான் பார்க்க வேண்டும் என்று அன்று தோன்றியது.

மாட்டுக் கொட்டகையின் சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். வயல்காட்டு வேலைக்குச் செருகுவதுபோல் சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு சுவரை ஒட்டி நடக்கச் சொன்னேன். நில் என்றால் நிற்க வேண்டும். நின்றதும் இடுப்பு, முழங்கால், கணுக்கால், தோள், முழங்கை எல்லாவற்றுக்கும் சுவரில் கரித்துண்டால் புள்ளி வைத்தேன்.

“எதுக்கு அம்மிணி என்ற முட்டிய அளக்கறே?” என்று கேட்டார்.

உங்களை மாதிரி ஒருத்தியைக் கம்ப்யூட்டருக்குள் நடக்க விடப் போகிறேன் என்றேன். சேலையை இன்னும் கொஞ்சம் இழுத்துச் செருகினார். பிறகு இடது காலை முன்னால் வைத்து அசையாமல் நின்றார்.

அந்தப் புள்ளிகள்தான் எனக்குப் பாடம். இடுப்பு ஒரே உயரத்தில் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. இரண்டு கால்களும் விரியும்போது தாழ்கிறது, ஒரு கால் நேராக ஊன்றும்போது எழுகிறது. குதிகால் முதலில் தொடுகிறது, பெருவிரல் கடைசியில் விடுகிறது. சுவர் காட்டாத மூன்றாவது அளவுக்கு மச்சில் ஏறி நின்று, கீழே வாசலில் அவரை நடக்கவிட்டுப் பார்த்தேன். இடுப்பு ஒரு பக்கம் திரும்பினால் தோள் எதிர்ப்பக்கம் திரும்புகிறது. இத்தனை வருடம் நடந்தும் எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

மறுநாள் காலை அப்பா சுண்ணாம்பு வாளியோடு வந்துவிட்டார். அடுத்த வாரம் என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. சுவர் நிறையக் காலும் கையுமாக இருந்தால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றார். நான் வழியை மறித்து நின்றேன். படிப்பு போதும் என்று அவர் ஆரம்பித்தபோது அத்தை கொட்டகைக்குள்ளிருந்து வந்தார்.

“அண்ணா, அவ இன்னும் கழுத்த அளக்கலீங்க. அளக்கட்டும்” என்றார்.

அப்பா வாளியை வைத்துவிட்டுப் போய்விட்டார். பெண் பார்க்க வந்தவர்கள் அந்தச் சுவரையும் பார்த்தார்கள். என்னவென்று கேட்டார்கள், நானே விளக்கிச் சொன்னேன். அவர்கள் மறுபடி வரவில்லை.

ஒரு அடியைப் பன்னிரண்டு படங்களாகப் பிரித்தேன். கம்ப்யூட்டர் ஒவ்வொரு படத்தையும் அப்போதைக்கப்போது கணக்குப் போட்டால் நடை நத்தை மாதிரி வந்தது. அதனால் கோணக் கணக்கையெல்லாம் மடக்கை அட்டவணைப் புத்தகத்தை வைத்து ஹாஸ்டலிலேயே கையால் போட்டு, விடைகளை மட்டும் உள்ளே தட்டினேன். ஒரு படத்தை வரை, அழி, அடுத்ததை வரை. ஒரு புதன்கிழமை மதியம் அத்தை திரையில் நடந்தார். வெறும் பச்சைக் கோடுகள்தான். ஆனால் அவரைத் தெரிந்த எவரும் சொல்லிவிடுவார்கள்.

கல்லூரிக் கண்காட்சிக்கு அதை வைக்கச் சொன்னார்கள். முதல் நாள் வந்த சிறப்பு விருந்தினர் பார்த்துவிட்டு, பெண் என்றால் ஒரு நளினம் வேண்டாமா, இது லோடு இறக்குகிற ஆள் மாதிரி நடக்கிறதே என்று சிரித்தாராம். அன்று மாலையே துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். அடியைச் சின்னதாக்கு, இடுப்பைக் கொஞ்சம் அசைய விடு, எண்களை மாற்றினால் போதுமே என்றார்.

“இது அளவெடுத்துச் செஞ்சதுங்க சார். மாத்துனா தப்பாயிரும்.”

“யாரை அளந்தே?”

“எங்க அத்தையைங்க சார். அவங்க நடக்கறது இப்படித்தானுங்க.”

மாற்றாவிட்டால் செய்முறை மதிப்பெண்ணில் தெரியும் என்றார். தெரியட்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மாற்றவில்லை. மறுநாள் என் மேசையைத் தண்ணீர்ப் பானைக்கு அந்தப் பக்கம் நகர்த்தி வைத்திருந்தார்கள். தாகத்துக்கு வந்தவர்கள் எல்லாம் பார்த்துவிட்டுப் போனார்கள். அதனால் கூட்டம் குறையவே இல்லை.

கடைசி நாள் அத்தையை பஸ் ஏற்றிக் கூட்டி வந்தேன். திரைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

“இவ எங்க போறா?” என்று கேட்டார்.

எங்கேயும் போகவில்லை என்றேன். திரையின் நடுவில், பார்ப்பவர்களை நோக்கி, நின்ற இடத்திலேயே நடக்கும்படிதான் செய்திருந்தேன்.

“இத்தன அடி வெச்சும் நின்ன எடத்துலயே இருந்தா எப்படி சாமி? உடு, போகட்டும்.”

அங்கேயே உட்கார்ந்து ஒரு வரி சேர்த்தேன். ஒவ்வொரு அடிக்கும் ஆழத்தைக் கொஞ்சம் குறைக்கும் வரி. உருவம் எங்களை நோக்கி வரத் தொடங்கியது. பெரிதாகிக்கொண்டே வந்தது. தலை திரைக்கு மேலே போனது, பிறகு தோள், கடைசியில் இரண்டு முழங்கால்கள் மட்டும் திரை முழுக்க மடங்கி நிமிர்ந்தன. ஆழம் பூஜ்யத்தைத் தொட்டதும் இயந்திரம் நின்று, ஆங்கிலத்தில் ஒரு வரி போட்டது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். பூஜ்யத்தால் வகுக்க முடியாது, இதற்கு மேல் தனக்குக் கணக்கு வராது என்று சொல்கிறது என்றேன்.

“அதுக்கு வராட்டிப் போகுது. நடக்கறவளுக்கு வரும்” என்றார்.

செய்முறையில் பாஸ் மார்க்குதான் வந்தது. வகுப்பிலேயே குறைவு. மறுவருடம் படிப்பு முடிந்ததும் பெங்களூரில் பம்புகளின் படங்களைக் கம்ப்யூட்டரில் வரையும் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அப்பா வேண்டாம் என்றார். நான் போனேன். நான்கு மாதம் அவர் என் கடிதங்களுக்குப் பதில் போடவில்லை. பகலெல்லாம் குழாயும் வால்வும் வரைந்தேன். வேலை முடிந்து மற்றவர்கள் கிளம்பும்போது ஒரு மணி நேரம் கேட்டு வாங்கி, மனித முகம் ஒன்றை ஆரம்பித்தேன். வாய் திறந்து மூட எத்தனை புள்ளிகள் வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது. மேலாளர் என்ன செய்கிறாய் என்று கேட்டார். பேச வைக்கப் போகிறேன் என்றேன்.