திரைக்குப் பின்னால் ஒரு கிளாஸ் வல்லாரை

நதீரா பிளெண்டரில் வல்லாரையைப் போட்டு அரைக்கும் வேகத்தைப் பார்த்தால், ஞாபகசக்திக்கு நல்ல இலை என்று யாரும் சொல்லமாட்டார்கள். பழைய பகையாளியை அரைக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள்.

மருதமுனையில் இரண்டு ஆண்பிள்ளைகளை வளர்த்தாள். ஊர் வழக்கப்படி இருவரும் பெண்சாதிமாரின் வீடுகளுக்குக் குடிபோய்விட்டார்கள். அவளுக்கோ இப்போது முனைக்கடைக்குப் போய்வரக்கூட வழியில்லை. புருஷன் ஜவுபருக்கு மறதி நோய்.

வாசல் படலை திறந்திருந்தால் அவர் கடற்கரைக்கு நடந்துவிடுவார். அவர் மாப்பிள்ளையாக வந்து ஏறிய, நதீராவின் சீதன வீடு அங்கேதான் இருந்தது. அதைச் சுனாமி கொண்டுபோனதோ, இந்த வீட்டில் இத்தனை வருஷம் வாழ்ந்ததோ அவருக்கு நினைவில்லை. ஒருநாள் கழுத்தளவு தண்ணீரில் நின்றவரை மீன்பிடிகாரர் இழுத்து வந்தார்கள். அன்றிலிருந்து படலைக்குப் பூட்டு, சாவி நதீராவின் இடுப்பில். உள்ளே அடைபட்டது அவர் மட்டுமா?

வல்லாரையைப் பற்றிக் கல்முனையில் டொக்டரிடம் கேட்டாள்.

"மூளைச் செல்லுகள் கெட்டுப்போறத இந்தச் சாறு குறைக்குதெண்டு எலிகளில கண்டிருக்காங்க. மனிசருக்கு நிச்சயமாச் சொல்ல ஏலா. நான் தந்த மருந்துக் குளிசைய நிப்பாட்டாம, விருப்பமெண்டா குடுங்க."

அந்த 'விருப்பமெண்டா'வைத்தான் நதீரா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். எலிக்கு உதவியது ஜவுபருக்கு உதவாதா?

ஆனால் எலுமிச்சை பிழிந்த சாற்றுக் கிளாசோடு கிட்டப் போனால் அவர் பார்வையைத் தாழ்த்திக்கொள்வார்.

"ராத்தா, நீங்க அந்நியப் பொம்புள. ஊட்டுல வேற ஆக்களில்லாம நான் இஞ்ச இருக்கிறதே பிழை. படலையத் துறந்து உடுங்க."

ஐந்து வயது இளையவளை மூத்த சகோதரியாக்கிவிட்டாரே என்று முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு குளியலறைக்குள் போய் அழுதாள். கெஞ்சினாள், கத்தினாள், கலியாணப் படத்தைக் காட்டினாள். படத்தில் இருந்தவளை அவருக்குத் தெரிந்தது. எதிரில் நின்றவளைத் தெரியவில்லை.

கடைசியில் அவர் வழிக்கே போனாள். முக்காட்டை இழுத்துவிட்டு, அறை வாசல் திரைக்குப் பின்னால் நின்று கையை மட்டும் நீட்டினாள். பிற ஆண்களுக்குத் தேத்தண்ணி கொடுப்பது அப்படித்தானே. ஜவுபர் பிஸ்மி சொல்லி முழுவதையும் குடித்தார்.

அன்றிலிருந்து தினமும் இதே கூத்துத்தான். தன்னை அவருக்கு ஞாபகப்படுத்த வேண்டிய மருந்தைக் கொடுக்க, அவள் யாரோ ஒருத்தியாக நிற்கவேண்டும். இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

இன்று வெறும் கிளாசோடு அவர் குரலும் வந்தது.

"தேசிக்காய் கொஞ்சம் கூட, ராத்தா. என்ட பொண்டாட்டியும் இப்பிடித்தான் புழிவா."

நதீராவின் கை திரையை விலக்கப் போனது.

"ஒரு உதவி செய்வீங்களா? கடக்கரையில நதீராட ஊட்டுக்கு ஆரையாவது அனுப்புங்க. நான் இஞ்ச மாட்டிக்கிட்டன் எண்டு சொன்னா, அவ வந்து கூட்டிப் போவா."

நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டாள். இடுப்பில் சாவி குத்தியது.

"ஓம், சொல்லி அனுப்புறன்," என்றாள் முக்காட்டுக்குள்ளிருந்து. "அவ வருமட்டும் நீங்க ஒவ்வொரு நாளும் இதக் குடிக்கணும்."