காசு கட்டுவேன் என்றவர்கள்

ஃபிஜியில் துப்பாக்கியைக் காட்டி ஆட்சியைப் பிடுங்கிய அந்த வருஷம், தலைநகர் சூவாவில் பல்கலைக்கழகம் திரும்பத் திறந்தபோது வகுப்பில் பாதி நாற்காலி காலி. எனக்கும் என் தோழிக்கும் அது கடைசி வருஷம். அவள் வட்டுகோலா தங்கச் சுரங்கத் தொழிலாளியின் மகள்; நான் லாமியிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். மற்ற இந்தியப் பிள்ளைகளுக்கெல்லாம் ஹிந்திதான். தமிழ் மிச்சமிருந்தது எங்கள் இருவரிடம் மட்டும், அதுவும் பக்கத்தில் இருப்பவர்களைப் பற்றி வம்பு பேச.

இணையத்தில் செய்தித்தாள் நடத்தலாம் என்பது அவள் யோசனை. பேப்பர்க்காரர்கள் பயந்துகொண்டு பாதியைத்தான் போடுகிறார்கள், மீதியை நாம் போடுவோம், மாதச் சந்தா வைப்போம் என்றாள். அவள் அப்பாவோ குடும்பத்தோடு ஆக்லாந்து போக எழுதிப்போட்டு, விசாவும் வந்திருந்தது.

"எனக்கு இங்க வேலை இருக்குன்னு காட்டினா அப்பா என்னை வுட்டுடுவாருடி. காசு கட்ட ஆளு இருக்கான்னு மொதல்ல கேட்டுப் பாப்போம்."

எனக்கு அவள் போகக் கூடாது, அவ்வளவுதான். செய்தியாவது மண்ணாங்கட்டியாவது!

மறுநாள் கேண்டீனில் ஒவ்வொரு மேசையாகப் போய்க் கேட்டோம். வெட்கமெல்லாம் எனக்கு எப்போதுமே கிடையாது. ரொட்டி பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தவனைக்கூட விடவில்லை. "கட்டுவேனே" என்றான். அடுத்த மேசையிலும் கட்டுவேன். அதற்கடுத்ததிலும். எனக்குத் தலைகால் புரியவில்லை. "பார்த்தியா, உங்கப்பா கிட்ட சொல்லு போ" என்று அவளைப் பிடித்து உலுக்கினேன்.

அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. "எதுக்குக் கட்டுவே?" என்று கூடுதலாக ஒரு கேள்வி கேட்டாள்.

பார்சல்காரன் ஹிந்தியில் சொன்னான்: "பிரிஸ்பேன் போய்ட்டா இங்க என்ன நடக்குதுன்னு எப்படித் தெரியும்?" இன்னொருத்தி வான்கூவர். கரும்பு நிலத்தின் குத்தகை முடிந்துபோன ஒருவன், எந்த ஊர் என்று இன்னும் தெரியாது, ஆனால் போவது நிச்சயம் என்றான். இங்கேயே இருக்கப் போகிறவர்கள் சிரித்தார்கள். "காசு கொடுத்து எதுக்குப் படிக்கணும்? செக்பாயிண்ட்ல பஸ்ஸை நிறுத்தினாத் தெரிஞ்சிடப் போகுது" என்றான் ஒருவன். எங்களோடு படித்த ஃபிஜிப் பூர்வகுடிப் பெண், "எங்க மாமா ராணுவத்துல. நியூஸ் சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்கே வந்துடும்" என்று கண்ணடித்தாள்.

சாயங்காலத்துக்குள் விஷயம் தெளிவாகிவிட்டது. காசு கட்டுவேன் என்றவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் ஊரைவிட்டுப் போகிறவர்கள். இருக்கிறவர்கள் யாரும் கட்டுவதாக இல்லை. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எங்கேயிருந்து வந்தால் என்ன, காசு காசுதானே, அவர்கள் அங்கிருந்து அனுப்பட்டும், நாம் இங்கிருந்து நடத்துவோம் என்று பஸ் நிறுத்தம் வரை விடாமல் பேசிக்கொண்டே போனேன். அவள் பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டு நடந்தாள்.

அவளைச் சிரிக்க வைக்கத்தான் கேட்டேன். "ஊரையெல்லாம் கேட்டாச்சு. உன்னைக் கேக்கலையே. நீ கட்டுவியாடி?"

'நடத்துறவ நான், நான் ஏன்டி கட்டணும்' என்று சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"கட்டுவேன்டி. மாசா மாசம் கட்டுவேன். நீ எழுது."

"அடிப்பாவி" என்றேன். அத்தனை பேர் பார்க்க ஓவென்று அழுதேன். லாமி பஸ் வந்து நின்றது. டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.