ஒழுங்கை முழுவதும் கேட்ட குரல்

காலையில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடும் நேரம் எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னச் சந்துக்குள், ஒரு குரல் எழும். "எமில்டா, இங்கால வா. இண்டைக்கு என்ன மீன்?" தாராபுரத்தில் எங்கள் பக்கத்தவர்களுக்கு அது மணிக்கூடு மாதிரி. சென்ற மாதம் ஒரு புதன்கிழமை அதே நேரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கிதான் பேசியது. செய்னுலாப்தீன் ஜுனைதா உம்மா வபாத்தாகிவிட்டார் என்று அறிவித்தார்கள். முழுப் பெயரில் அவரை யாரும் கூப்பிட்டதில்லை என்பதால் எனக்கு உடனே விளங்கவில்லை. எங்களுக்கு அவர் ஜுனைதா ராத்தா, எல்லோருக்கும் மூத்த அக்கா.

பள்ளிமுனையில் இருந்து மீன் கொண்டு வரும் எமில்டா அக்கா, தலையில் பனையோலைக் கடகத்தோடு ஒழுங்கை முனையில் நின்றார். "ஆரைச் சொல்லுறாங்கள் டீச்சர்?" என்று கேட்டார். ராத்தாவின் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன், அவ்வளவுதான். அவர் கடகத்தை இறக்கி எங்கள் மதிலோரம் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றவும் மறந்து அந்த வீட்டு வாசலைக் கடந்து போனார். அந்த வாசலில் நிற்கும் கதவைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

மௌத்தாகி மண்ணுக்குப் போனவரின் குறையைப் பேசுவது எங்கள் மார்க்கத்தில் நல்ல காரியம் இல்லை. அது தெரிந்தும் எழுதுகிறேன் என்றால், ராத்தாவே என்னிடம் சொல்லி வைத்ததால்தான். "நான் போனாப்போல நல்லவ, வல்லவ எண்டு எழுதிப்போட்டு இருந்திடாத. கதவுக் கதையை எழுது. பொய் எங்கெங்க போனதோ அங்கயெல்லாம் இதுவும் போகட்டும்." ஆகவே தாராபுரத்தில் அவரை அறிந்தவர்களோடு, ஊர் திரும்பாமல் புத்தளத்திலேயே தங்கிவிட்ட எங்கள் சனத்துக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். உங்களில் பலர் அந்தப் பொய்யைக் கேட்டவர்கள். நானும் கேட்டவள்தான்.

தொண்ணூறாம் ஆண்டு இயக்கம் முஸ்லிம்கள் எங்கள் எல்லோரையும் ஊரை விட்டுப் போகச் சொன்னபோது, ராத்தா தன் வீட்டைப் பார்த்துக்கொள்ளும்படி எமில்டா அக்காவிடம்தான் சொல்லிவிட்டு வள்ளம் ஏறினார். இருவரும் ஒரே வயது. தாயோடு மீன் விற்க வந்த காலத்திலிருந்தே எமில்டா அக்காவுக்கு அந்த வீட்டில்தான் பிளேன்டீ. பிறகு புத்தளத்தில், கற்பிட்டிப் பக்கம் ஓலைக் கொட்டில்களில் எங்கள் வாழ்க்கை தொடங்கியது. பெண்கள் வெங்காயத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனார்கள். விடுமுறைகளில் நானும் போயிருக்கிறேன். ராத்தா எந்த வரிசையில் குந்துகிறாரோ அந்த வரிசைக்குத்தான் எல்லோரும் ஓடுவோம். அவர் கதைக்கத் தொடங்கினால் முதுகுவலி தெரியாது. தோட்டக்காரரை, அவர் மனைவியை, எங்களை, தன்னையே கூடப் பேசிக் காட்டுவார். அந்த வருடங்களை நாங்கள் சிரித்துக்கொண்டு கடந்தோம் என்றால் பாதி நன்றி அந்த நாக்குக்குத்தான்.

சண்டை நிறுத்தியிருந்த சமாதானக் காலத்தில் பாதை திறந்தபோது ராத்தா கணவரோடு ஊரைப் பார்க்கப் போனார். வீட்டில் சுவர் மட்டும் நின்றது. கூரையும் இல்லை, கதவும் நிலையும் இல்லை. எமில்டாவைத் தேடிப் பள்ளிமுனைக்குப் போனவர் தெருவிலேயே நின்றுவிட்டார். எமில்டாவின் வீட்டு வாசலில் இருந்தது ராத்தாவின் வீட்டுக் கதவு. அவருடைய வாப்பா முதிரை மரத்தில் செய்வித்து, மேற்பலகையில் பிறை செதுக்க வைத்த கதவு. வேறு யாருடையது என்று சொல்ல வழியில்லை. அவர் கூப்பிடவில்லை, கேட்கவில்லை. அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்து அடுத்த நாள் வெங்காய வரிசையில் குந்தினார்.

"பாத்துக்கொள் எண்டு குடுத்தனான். நல்லாத்தான் பாத்திருக்கிறாள். எந்தச் சாமான் நல்லது எண்டு பாத்திருக்கிறாள்."

எல்லோரும் சிரித்தோம். அந்தக் கதை கிணற்றடிக்கும் கலியாண வீடுகளுக்கும் போனது. ஒவ்வொரு முறையும் ராத்தா அதை இன்னும் நன்றாகச் சொன்னார்.

போர் முடிந்து, நாங்கள் தாராபுரத்துக்குத் திரும்பி, தகரக் கொட்டில்களில் குடியிருந்த நேரம். ஒருநாள் ஒழுங்கைக்குள் ஒரு லான்ட்மாஸ்டர் உழவுயந்திரம் வந்தது. பெட்டியில் கோணிச்சாக்கு விரித்து ஒரு கதவு கிடத்தியிருந்தது. பக்கத்தில், கதவு ஆடாமல் கையால் அழுத்திக்கொண்டு எமில்டா அக்கா இருந்தார். இறங்கியதும் அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவில் இருக்கிறது.

"நீங்க போன பிறகு எல்லா வீட்டையும் கழட்டுறாங்கள் எண்டு நானும் தம்பியும் போய் இதைக் கழட்டிக்கொண்டு வந்தனாங்கள். சும்மா சாத்தி வச்சா விறகுக்குத் தூக்கிக்கொண்டு போயிடுவாங்கள். அதுதான் எங்கட வாசலில போட்டனான். பிறை இருக்கெண்டு எங்கட சனம் 'எமில்டா சோனகத்தியாயிட்டாள்' எண்டு பகிடி பண்ணினது. சீவி விடச் சொல்லித் தம்பியும் சொன்னவன். நான் விடேல்ல."

ராத்தா பிறையைத் தடவிப் பார்த்தார். பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னார்: "திருடினவள் எண்டா முதல் வேலையா பிறையை எல்லோ சீவியிருப்பாள். ரோட்டில நிண்டு நானும் அதைப் பாத்தனான் புள்ள. பிறை எனக்குக் கதவைத்தான் காட்டினது. அவளைக் காட்டேல்ல."

கதவு வந்துவிட்டது, பொய் மட்டும் திரும்பி வரவில்லை. எமில்டா அக்கா பழையபடி கடகத்தோடு ஒழுங்கைக்கு வரத் தொடங்கினார். ஒருவரும் கூப்பிடவில்லை. படலைகள் சாத்தியே கிடந்தன. கதவுக்காரி வருகிறாள் என்று உள்ளே பிள்ளைகள் சொல்வது வெளியே கேட்டது. புத்தளத்தில் பிறந்த பிள்ளைகள் அவை, அவரை முன்பின் கண்டதில்லை. ராத்தா தன் வாசலில் நின்று, மீன் நிறைந்த கடகம் அப்படியே திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அசர் தொழுகைக்குப் பிறகு மௌலவியிடம் போகத் துணைக்கு என்னைக் கூப்பிட்டார்.

மௌலவி பொறுமையாகக் கேட்டார். செய்ததை விட வேண்டும், மனம் வருந்த வேண்டும், இனிச் செய்வதில்லை என்று உறுதி எடுக்க வேண்டும். மனிதரின் உரிமை சம்பந்தப்பட்டிருந்தால் அந்த மனிதரிடம் போய்ப் பொருத்தம், அதாவது மன்னிப்பு, கேட்க வேண்டும். அது இல்லாமல் தவ்பா என்ற பாவமன்னிப்பு நிறைவாகாது என்றார். பிறகு, புறம் பேசப்பட்டவருக்கு அது தெரியாமல் இருந்தால் என்ன செய்வது என்பதில் அறிஞர்களிடையே இரண்டு கருத்து உண்டு என்றார். போய்ச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது ஒன்று. சொல்வதே புதிய காயம் ஆகும் என்றால், அவருக்காகத் துஆச் செய்து, எந்த இடங்களில் கெட்டதாகப் பேசினோமோ அதே இடங்களில் அவரைப் பற்றி நல்லதைச் சொல்ல வேண்டும் என்பது மற்றது.

வெளியே வந்ததும் ராத்தா கேட்டார்: "ரெண்டாவது லேசு எண்டு நினைக்கிறியா? நான் பேசாத இடம் எது புள்ள?" சிறிது தூரம் நடந்தபின் தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். "மறுமையில என்ர தொழுகை, நோன்பிட நன்மை எல்லாம் அவளுக்குப் பட்ட கடனுக்கு அவளிட கடகத்துக்குள்ளதான் விழப்போகுது."

பள்ளிக்கூட விடுமுறையில் இருவரும் புத்தளத்துக்குப் பஸ் ஏறினோம். வீடு வீடாகப் போனார். கதிரையில் உட்கார முன்னமே தொடங்கிவிடுவார். கதவைப் பற்றி நான் சொன்னது பொய், அவள் அதைக் காப்பாற்றித் தந்தவள் என்பார். ஒருவர், "இப்பிடிப் பேச உனக்கு அவள் எவ்வளவு தந்தவள்?" என்று கேட்டார். "கதவு தந்தவள்" என்றார் ராத்தா. இன்னொருவர் உண்மையிலேயே கவலைப்பட்டார்: "முந்திச் சொன்ன கதைதானே ராத்தா நல்லா இருந்தது." மூன்றாவது வீட்டில் கதை வளர்ந்திருந்தது.

"கதவோட விட்டவளா? கிணத்துக் கப்பியையும் கழட்டினவள் எல்லோ?"

"கப்பி நான் சொல்லேல்ல."

"நீங்கதானே சொன்னீங்க."

ராத்தா கையை விரித்தார். "சரி, கப்பியும் என்ர தலையிலதான். அதையும் அவள் எடுக்கேல்ல எண்டு சொல்லிவிடுங்கோ."

கதையைக் கேட்டவர்களில் சிலர் அதற்குள் மௌத்தாகியிருந்தார்கள். அந்த வீடுகளில் அவர் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு வந்தார். திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். "அதுகள் எமில்டாவைக் கள்ளி எண்டு நினைச்சுக்கொண்டே போயிட்டுதுகள். அதுக்கு அல்லாஹ்விட்டத்தான் கேக்க வேணும். மற்றதுக்கெல்லாம் பஸ் இருக்கு" என்றார்.

அந்தக் குரல் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. எமில்டா அக்கா ஒழுங்கை முனையில் திரும்பும்போதே ராத்தா வாசலுக்கு வந்துவிடுவார். "எமில்டா, இங்கால வா. என்ர கதவைக் காப்பாத்தித் தந்தவள் வாறாள், எல்லாரும் வந்து மீன் வாங்குங்கோ" என்று கூப்பிடுவார். முதல் கிழமை அவர் மட்டும் வாங்கினார். பிறகு நான். பிறகு எதிர்வீடு. மெல்ல மெல்லப் படலைகள் திறந்தன.

ஒருநாள் நான் சட்டியோடு பக்கத்தில் நிற்கும்போது எமில்டா அக்கா கடகத்தை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தார். "ஏன் இப்பிடிக் கத்துறாய் ஜுனைதா? நான் செவிடில்ல. நீ புத்தளத்தில என்னைப் பற்றிக் கதைச்சதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கதவைக் கொண்டு வந்தனான். நீயா வந்து சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

ராத்தா வாசற்படியில் குந்திவிட்டார். "சொன்னா உனக்கு நோகும் எண்டு நினைச்சனான்" என்றார். பிறகு, "இல்ல, எனக்கும் பயம்" என்றார். "நீ கள்ளி எண்டு நான் சொன்னது பொய். உன்னைக் கேக்காமச் சொன்னனான். சனம் சிரிக்குதெண்டு திருப்பித் திருப்பிச் சொன்னனான். எனக்கு மாப்புத் தா எமில்டா."

எமில்டா அக்கா கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். கிழமைக் கணக்கில் எங்கள் ஒழுங்கைக்கு வரவில்லை. ராத்தா அந்த நாட்களில் சரியாகச் சாப்பிடவில்லை. தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு வாசலிலேயே இருந்தார். அல்லாஹ் மன்னிப்பவன்தானே ராத்தா என்று ஆறுதலாகச் சொன்னேன். "அவன்ர பங்கை அவன் மன்னிப்பான். எமில்டாட பங்கு எமில்டாட கையில" என்றார்.

பெரிய வெள்ளிக்கு முந்திய கிழமை எமில்டா அக்கா வந்தார். கடகம் இல்லை. வாசலில் நின்றே சொன்னார். "உனக்காக இல்ல. நான் சுவாமியிட்டப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போக வேணும். உன்னில கோவத்தை வச்சுக்கொண்டு போய் முழங்காலில நிக்க ஏலாது. மன்னிச்சிட்டன். மறக்கச் சொல்லாத, அது ஏலாது."

"மறக்காத," என்றார் ராத்தா. "பிளேன்டீ குடிப்பியா?"

"சீனி போடாத. எனக்கு இப்ப சீனி வருத்தம். இனி ரோட்டில நிண்டு கத்தவும் வேணாம்."

"கத்துறது உனக்கில்லடி. ஒழுங்கைக்கு."

அதன் பிறகும் ஒவ்வொரு வருடமும் நோன்புக்கு முன் ராத்தா பள்ளிமுனைக்குப் போய்த் திரும்பவும் மன்னிப்புக் கேட்பார். "கேட்டதைக் குடுத்தாச்சு. இனியும் கேட்டா திருப்பி எடுத்திடுவன்" என்று எமில்டா அக்கா விரட்டுவாராம். ராத்தா சிரித்துக்கொண்டு வந்து எனக்குச் சொல்வார். இஸ்திக்பார் என்ற மன்னிப்பு வேண்டுதலைப் பற்றி அவர் என்னிடம் சொன்ன ஒரு வார்த்தை உண்டு: "அஸ்தக்பிருல்லாஹ் எண்டு வாய் ஓடேக்க, என்னத்துக்கு எண்டு நெஞ்சு மறிச்சுக் கேக்க வேணும். பேர் சொல்லாத பாவத்துக்கு மன்னிப்புக் கேக்கிறது, முகவரி இல்லாத வீட்டைத் தேடுற மாதிரி."

அந்தப் புதன்கிழமை, ஜனாஸாவை வீட்டிலிருந்து அடக்கத்துக்கு எடுக்க முன், வழக்கப்படி மகன் வெளியே நின்று கேட்டார். "எங்கட உம்மா யாருக்காவது ஏதும் பிழை செய்திருந்தா, அல்லாஹ்வுக்காக மாப்புச் செய்யுங்கோ." உள்ளே பெண்கள் மெல்லிய குரலில் மன்னித்தோம் என்றார்கள். எமில்டா அக்கா பிறைக்குக் கீழே, கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "நான் எப்பவோ குடுத்திட்டன் டீச்சர்," என்றார் என்னிடம். "அவளுக்குத்தான் போதேல்ல."

அடுத்த கிழமை அவர் கடகத்தோடு வந்தார். ஒழுங்கையில் சத்தமே இல்லை. கூப்பிட யாரும் இல்லாததால் அவர் எந்தப் படலையையும் பார்க்காமல் நடந்து போய்க்கொண்டிருந்தார். நான் மெதுவாகப் பேசுபவள். வகுப்பின் பின்வரிசை வாங்கில் இருக்கும் பிள்ளைகளுக்கு என் குரல் கேட்பதில்லை என்று பள்ளிக்கூட அதிபர் பலமுறை சொல்லியிருக்கிறார். படலையைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன்.

"எமில்டா அக்கா, இங்கால வாங்கோ. இண்டைக்கு என்ன மீன்?"

அது என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. எதிர்வீட்டுப் படலை திறந்தது. அதற்கடுத்ததும் திறந்தது. எமில்டா அக்கா நின்று, திரும்பி, முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"கத்தாதேங்கோ டீச்சர். நான் செவிடில்ல."

"உங்களுக்கில்ல அக்கா" என்றேன்.

ராத்தாவின் கதவு அவருடைய மகனுக்கு. அந்தக் கூப்பிடுகை எனக்கு. ஒவ்வொரு காலையும் அதை எடுத்துப் பாவிக்கிறேன்.